நூற்றைம்பது டிகிரி

எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். என் பிசியோதெரபி கிளினிக்கில் வேலை பார்க்கிற பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஜூன் பன்னிரண்டாம் தேதி காலையில் பாரதியை என் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தியபோது, அவள் என் குரலைக் கேட்பதற்கு முன்பே கையைப் பிசைய ஆரம்பித்துவிட்டாள்.

“காலையில நீ அளந்தா எண்பது டிகிரி. சாயங்காலம் சுகிர்தா அளந்தா நூத்தம்பது. ஒரே ஆளு, ஒரே தோளு. அப்ப கோளாறு யாரு கையில இருக்கு?”

பேச்சு மாணிக்கவேலின் வலது தோளைப் பற்றியது. கிளிஞ்சல்மேட்டுக்காரர், விசைப்படகில் வலை இழுப்பவர். ஜனவரியில் இழுவை இயந்திரத்தின் கயிறு கையைச் சுண்டி இழுத்ததில் தோளின் தசைநார் கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து தைத்திருந்தார்கள். தைத்த டாக்டர் சீட்டிலேயே எழுதி அனுப்பியிருந்தார்: மறுபடி கிழிந்தால் தைப்பதற்கு நார் மிச்சம் இருக்காது. அதாவது அந்தக் கை அத்தோடு சரி. பக்கவாட்டில் கையை எவ்வளவு உயரம் தூக்க முடிகிறது என்பதைத்தான் நாங்கள் டிகிரியில் அளப்போம். நூற்றைம்பது வந்தால் பெரும்பாலும் தேறிவிட்டார் என்று அர்த்தம்.

பாரதி தலையைக் குனிந்துகொண்டு ஒன்றுதான் சொன்னாள். “மேடம், நீங்களே ஒரு தடவ கைவச்சுப் பாத்துருங்களேன்.”

நான் பார்க்கவில்லை. பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். எனக்கு எதிரே சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, அதில் ஒரு மென்பொருளின் கணக்காக என் கிளினிக் முழுவதும் பச்சையும் சிவப்புமாகத் தெரிந்தது. அதைவிட்டு எழுந்து போக எனக்கு மனமில்லை. திமிர் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு பெயர் கிடையாது.

அந்த மென்பொருளை வாங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அது என்னைக் காப்பாற்றியது. சனிக்கிழமைகளில் ஏன் பாதிப் பேர் வருவதில்லை என்று பத்து வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். வராதவர்களில் முக்கால்வாசி சுரக்குடிப் பக்கத்து ஆட்கள், திருநள்ளாற்றுக் கோயில் கூட்டத்தில் பஸ் நகராது என்று அது ஒரே வாரத்தில் காட்டிக்கொடுத்தது. அவர்களைத் திங்கள்கிழமைக்கு மாற்றினேன், பிரச்சினை தீர்ந்தது. எங்களுடையது பழைய பிரெஞ்சுக்காரர் ஊர். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் மூட்டுவலிக்காரர்கள் நாலாவது வருகையோடு நின்றுவிடுவதையும் அதுதான் கண்டுபிடித்தது. எந்தப் பெண் எத்தனை வருகையில் குணமாக்குகிறாள் என்றும் வரிசை போட்டது. அந்த வரிசையில் சுகிர்தா முதலிடம், பாரதி கடைசி.

மீன்பிடித் தடைக்காலம்தான் எங்களுக்கு அறுவடைக்காலம். ஏப்ரல் பாதியில் படகுகள் கரையேறும். அதுவரை வலியைப் பொறுத்துக்கொண்டிருந்த ஆண்கள் எல்லோரும் வருவார்கள். ஜூன் பதினாலோடு தடை முடிந்தால் ஒருவரும் வர மாட்டார்கள். அதற்குள் அவர்களில் எண்பது சதவீதம் பேரைத் தேற்றி அனுப்ப வேண்டும் என்று எனக்கு நானே ஒரு இலக்கு வைத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் தேதி எழுபத்தொன்பதில் நின்றது. மாணிக்கவேல் ஒருவர் சேர்ந்தால் எண்பது.

அறையிலிருந்து வெளியே வந்து அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன், உங்கள் கை தேறிவிட்டது, கடலுக்குப் போகலாம் என்று. அவர் தயங்கினார். தூக்கும்போது இன்னும் வலிக்கிறதே என்றார்.

“வலி மனசுல இருக்குண்ணே. பயம். கணக்கு சரியா இருக்கு” என்றேன்.

மேஜைக்குத் திரும்பிப் பொத்தானை அழுத்தினேன். ‘உங்கள் சிகிச்சை முடிந்தது, நீங்கள் வேலைக்குத் திரும்பலாம்’ என்று கிளினிக் பெயரோடு அவருடைய நம்பருக்குச் செய்தி போனது. டிவியில் எண்பது சதவீதம் வந்தது. பாரதி அன்று முழுவதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினைந்தாம் தேதி காலை ஏழேகாலுக்கு நீலாயதாட்சி வந்தாள். மாணிக்கவேலின் மனைவி, தலைச்சுமையாக மீன் விற்பவள். அவளுக்கும் வலது தோள்தான். கூடையைத் தூக்கித் தூக்கி இறுகிப்போய், மே மாதத்திலிருந்து சாயங்காலம் சுகிர்தாவிடம் வந்துகொண்டிருந்தாள். அவளைக் கிளினிக்கில் பார்த்திருக்கிறேன். யார் மனைவி என்று கேட்டதில்லை.

கையில் போனை நீட்டினாள். “டாக்டரம்மா, சிகிச்சை முடிஞ்சுருச்சுன்னு வந்துருக்கு. சுகிர்தா அம்மா இன்னும் ஒரு வாரம் வரச் சொன்னாங்களே. இது எனக்கு வந்ததா, எங்க வீட்டுக்காரருக்கு வந்ததா? அவரு தனக்குன்னு சொல்றாரு.”

போனை வாங்கிப் பார்த்தேன். நான் மாணிக்கவேலுக்கு அனுப்பிய செய்தி. இது ஏன் உன் போனுக்கு வந்தது என்று கேட்டேன். அவள் என்னை விவரம் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கடலில் போனுக்குச் சிக்னல் ஏது, அவர் போனே வைத்துக்கொள்வதில்லை, ரேஷனுக்கும் பேங்கிற்கும் எல்லாவற்றுக்கும் வீட்டில் இவள் நம்பர்தான், அவர்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்றாள்.

வரவேற்புக் கணினிக்குப் போனேன். அவள் நம்பரை நானே தட்டினேன். மாணிக்கவேல் என்று ஒரே ஒரு ஃபைல் திறந்தது. நீலாயதாட்சி என்று ஒரு ஃபைலே இல்லை.

எங்கள் மென்பொருளுக்கு ஆள் என்றால் நம்பர். ஒரு நம்பருக்கு ஒரு ஆள். வரவேற்பில் இருக்கும் பெண் நம்பரைத் தட்டுவாள், ஃபைல் திறக்கும், உள்ளே இருக்கிற பெண் ‘வலது தோள்’ என்ற கட்டத்தில் அளவைப் பதிவாள். அந்தக் கட்டத்தில் பெயர் வராது. நேரம் மிச்சமாகும் என்று பெயரை எடுக்கச் சொன்னதே நான்தான். வரவேற்புப் பெண்ணைக் கேட்டேன். பெயர் வேறாக வந்ததே என்று முதல் நாளே நீலாயதாட்சியைக் கேட்டாளாம். ஒரே வீடுதான், போடும்மா என்று அவள் சொன்னாளாம். இவளும் போட்டுவிட்டாள்.

காலையில் புருஷன் தோள், சாயங்காலம் பெண்டாட்டி தோள். எண்பது அவருடையது, நூற்றைம்பது இவளுடையது. அண்ணே, நீங்கள் சாயங்காலம் வருகிறீர்களா என்று மாணிக்கவேலிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்க எனக்கு வாய் வரவில்லையே!

“அவரு எங்க?”

“தொறைமுகத்துலதான். எட்டு மணிக்கு எல்லாப் போட்டும் ஒண்ணாக் கெளம்பணும்னு பஞ்சாயத்துல பேசியிருக்காங்க.”

மணி ஏழு இருபத்தெட்டு. படகு முதலாளி குணசேகரனின் நம்பரை அவள் போனிலிருந்தே அடித்தோம். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பாரதியிடம் வேறு யாருக்காவது ஒரே நம்பரில் இரண்டு பேர் இருக்கிறார்களா என்று உட்கார்ந்து பார் என்று சொல்லிவிட்டு, நீலாயதாட்சியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

வழியெல்லாம் ஐஸ் லாரிகள். இரண்டு மாதம் படுத்திருந்த துறைமுகம் ஒரே நாளில் எழுந்தால் ரோடு என்ன ஆகும்! அரசலாறு பாலத்தில் மூன்று லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஓரமாக நுழைந்து ஒருவரிடம் திட்டு வாங்கி, இன்னொருவரைத் திட்டி, எப்படியோ தாண்டினேன். பின்னால் நீலாயதாட்சி என் இடுப்புப் பக்கத்துத் துணியை இறுக்கிப் பிடித்திருந்தாள். விஷயம் என்ன என்று பாலத்தில் நின்றபோதே சொல்லிவிட்டேன். முதல் தடவை வலையை இழுத்தாலே தையல் விட்டுவிடும், அப்புறம் அந்தக் கையால் சோறுகூடப் பிசைய முடியாது என்றேன். அவள் அழவில்லை. வண்டியை இன்னும் வேகமாக ஓட்டச் சொன்னாள்.

பாதி வழியில் பாரதி கூப்பிட்டாள். இன்னும் ஆறு ஃபைலில் இதே குழப்பம், நல்லவேளை, முடிந்தது என்று வேறு யாருக்கும் செய்தி போகவில்லை. சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

துறைமுகத்தில் பூசை முடிந்திருந்தது. எல்லாப் படகிலும் மாலை, எல்லாப் படகிலும் இன்ஜின் புகை. குணசேகரனின் படகு வரிசையில் நாலாவது. மாணிக்கவேல் முன்பக்கத்தில் நின்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார், இடது கையால். எனக்கு நீச்சல் தெரியாது, படகில் கால் வைத்ததும் கிடையாது. பலகையில் ஏறிப் போய்விட்டேன்.

“அண்ணே, சோத்துக் கைய மட்டும் பக்கத்துல தூக்குங்க.”

அவர் என்னைப் பார்த்தார், கரையில் நின்ற மனைவியைப் பார்த்தார். பிறகு தூக்கினார். உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, தோளைக் காதுவரை ஏற்றி, பார்ப்பவர்களுக்குக் கை மேலே போனதுபோலத் தெரியும்படி தூக்கினார். நான் பின்னால் போய் அவருடைய தோள்பட்டை எலும்பை ஒரு கையால் அழுத்திப் பிடித்தேன். இப்போது தூக்குங்கள் என்றேன். கை தோள் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. நடுங்கியது. அளக்கக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. எண்பது. பாரதி இரண்டு மாதமாகச் சரியாகத்தான் அளந்திருக்கிறாள்.

படகில் இருந்த ஏழு பேரும், கரையில் நின்றவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் முன்னால் ஒரு மனிதனின் கையைத் தூக்கவைத்து இயலாதவனாக்குகிறோமே என்று எனக்குக் கூசியது. ஆனால் நேரமில்லை. தப்பு என்னுடையது, கிளினிக்கில் இரண்டு பேர் கணக்கை ஒருவர் பெயரில் எழுதிவிட்டோம், இவர் இன்னும் நாலு மாதம் வலையைத் தொடக் கூடாது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

குணசேகரன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

“நீங்க அனுப்புனதக் காட்டித்தான் எடம் கேட்டாருங்க. அத நம்பித்தான் பட்டினச்சேரிக்கார பயல வேணாம்னு அனுப்புனேன். இப்ப எட்டு மணிக்கு நான் எங்க போயி ஆளு தேடுவேன்?”

ஆள் கிடைத்தது. பக்கத்துப் படகில் இடம் கிடைக்காத ஒருவர் பையோடு தாவி ஏறினார். மாணிக்கவேல் தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். சரியாக எட்டு மணிக்கு வெடி வெடித்தார்கள், படகுகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நேத்து ஐஸ் ஏத்துறப்பவே சுள்ளுனு ஏறுச்சும்மா. ஆனா நீங்க சொன்னீங்கள்ல, கணக்கு சரியா இருக்கு, வலி மனசுலதான்னு. படிச்சவங்க சொல்றாங்க, என் ஒடம்புதான் பொய் சொல்லுதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டேன்.”

இதைவிட அவர் என்னை அறைந்திருக்கலாம். மன்னிச்சுக்குங்கண்ணே என்றேன். அவர் சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார், மன்னித்ததுபோலத் தெரியவில்லை. நாளைக் காலை ஏழு மணிக்கு வாருங்கள், பாரதிதான் பார்ப்பாள் என்றேன். அந்தப் புள்ள கை நல்ல கை என்று மட்டும் சொன்னார்.

நீலாயதாட்சி போய்க்கொண்டிருந்த படகுகளை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று கேட்டாள்.

“அப்ப அந்த நூத்தம்பது என்னோடதா டாக்டரம்மா?”

ஆமாம்மா, உன்னோடதுதான் என்றேன்.

அவள் வலது கையைத் தூக்கினாள். கை மேலே போய்க் காதைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. இறக்கிவிட்டு மறுபடி தூக்கிப் பார்த்தாள். முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை, கடையில் கத்தியின் கூர்மையைப் பார்க்கிறவளின் முகம். பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த யாருடைய கூடையையோ காலால் நகர்த்தி நிமிர்த்தினாள்.

“அவரு நாலு மாசம் வீட்ல இருந்தா ஒரு கூடை பத்தாது. போட்டு திரும்புனதும் ரெண்டு கூடையா எடுக்கணும். எவ்வளவு தூக்கலாம்னு உங்க கணக்குல போட்டிருக்கு?”

அவள் கேலி செய்யவில்லை. உண்மையாகத்தான் கேட்டாள். ஒரு வாரத்துக்கு முன்னால் இதே கேள்வியை யாராவது கேட்டிருந்தால் டிவியைத் திரும்பிப் பார்த்து உடனே பதில் சொல்லியிருப்பேன்.

“எனக்குத் தெரியலம்மா” என்றேன். “நாளைக்கு நீயும் அவரோட வா. உனக்குன்னு ஒரு ஃபைல் போடணும்.”