நீலம் போன தண்ணீர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சிதம்பரம் பேருந்து நிலையத்து டீக்கடையில். எதிரில் உட்கார்ந்திருந்த பெண், பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே சிவப்பாக ஈரத்தூள். கோயில் குங்குமம் என்று நினைத்து விரலை நீட்டிவிட்டேன்.

"ஐயோ, நெத்தியில வச்சுக்காதீங்க. அது செம்பு. கழிவுத் தண்ணியிலேருந்து எடுத்தது" என்றார்.

அன்றோடு நான் எழுதிக்கொண்டிருந்த வேறு கதை நின்றுபோனது.

2

முதல் தொடக்கம்: 'கடலூர் வானம் அன்று நீலமாக…' வேண்டாம். வானத்தைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

இரண்டாவது: 'சாதனைப் பெண் ஜான்சி…' படித்தால் சிரிப்பார்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். 2012, பொங்கல் கழிந்த வாரம். கடலூருக்கு வெளியே, செம்புத் தாதுக்கல்லை அரைத்து அமிலத்தில் ஊறவைத்து மயில்துத்தம் எடுக்கும் சின்ன ஆலை. (தேடிப் போகாதீர்கள், கதைக்காக நான் கட்டியது.) துத்தம் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரிலும் செம்பு கரைந்திருக்கும். பார்க்க நீலமாக அவ்வளவு அழகு, மீனுக்கு எமன். டேங்கர் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த ஜான்சிக்கு மட்டும் அந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுத்தது. அவள் சிதம்பரத்தை அடுத்த கடலோர ஊரான கிள்ளைக்காரி, அண்ணன்மார் உப்பங்கழியில் நண்டு பிடிக்கிறவர்கள்.

(டீக்கடையில் 'அவர்', இங்கே 'அவள்'. கதைக்குள் வந்தவர்களிடம் எனக்கு உரிமை கூடிவிடுகிறது.)

அந்தத் தண்ணீரை ஆலையிலேயே சுத்தம் செய்யலாம் என்று முதலாளி சடையப்பனை விடாமல் நச்சரித்தாள். கடைசியில் அவர் இறங்கிவந்தார்.

"ஒரே ஒரு தொட்டி தரேன். நீலம் போச்சுன்னா ஒன் வழி. போவலன்னா லாரிதான். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

3

அவள் வழி எளிமையானது. அந்தத் தண்ணீரில் பழைய இரும்பைப் போட வேண்டும். இரும்பு கரைந்து உள்ளே போகும். செம்பு வெளியே வந்து அதன்மேல் உட்காரும்.

இரும்பு கொடுத்தவர் கிள்ளையில் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் லியாக்கத் அலி. மூன்று வாரம் முன்பு அடித்த 'தானே' புயல் உடைத்துப்போட்ட படகுகளின் பட்டை, போல்ட், நங்கூரம். வேடிக்கை பார்க்க அவரும் இரும்பு வந்த லாரியிலேயே ஏறி வந்துவிட்டார்.

காலையில் போட்டது. மதியமாகியும் நீலம் அசையவில்லை. சடையப்பன் வந்தார், பார்த்தார், போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

(இங்கே 'ஜான்சி அழுதாள்' என்று எழுதி, அவருக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். "அழுவலைங்க, பசிச்சுது" என்றார். அடித்துவிட்டேன்.)

கையுறை மாட்டி ஒரு பட்டையை வெளியே எடுத்தாள். கையில் நிற்காமல் வழுக்கியது.

"பாய், இதுல என்ன தடவுனீங்க?"

"கிரீஸ்தாம்மா. நம்ம ஊருப் பொண்ணு மொதமொதலா ஒரு காரியம் செய்யுது. துருவோடயா குடுப்பேன்? ஒக்காந்து ஒவ்வொண்ணா தொடச்சு, ஜாஸ்தியாவே தடவிக் குடுத்தேன்."

கடலோரத்தில் இரும்பை அப்படித்தான் பேணுவார்கள். உப்புக்காற்றை அண்டவிடாத கிரீஸ், தொட்டித் தண்ணீரையும் அண்டவிடவில்லை.

"கிரீஸ் இருந்தா செம்பு ஒட்டாது பாய்."

அவர் முகம் தொங்கிப்போனது. "நாந்தான் கெடுத்துட்டனா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் சட்டைக் கையை மடித்தார். "மண்ணெண்ணெ கொண்டா. சோடா போட்டு வெந்நி வையி."

4

இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன். எதுவும் போதவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தேய்த்துக் கழுவிய நங்கூரத்தை இறக்கினார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சிவந்தது. கறுத்த இரும்பின்மேல் புதுச் செம்புக்குடத்தின் நிறம் பரவியது. இத்தனை நேரம் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் கலந்து கிடந்தது, கூப்பிட்ட குரலுக்கு வருவதுபோல் வந்து உட்கார்ந்தது.

"சுபஹானல்லாஹ்" என்றார் லியாக்கத் அலி.

ஜான்சிக்குச் சமன்பாடு மனப்பாடம். அதை எழுதித்தான் சிதம்பரத்தில் பட்டம் வாங்கினாள். ஆனாலும் 'ஏசப்பா' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

கடைசியில் முழுச் செம்பு நங்கூரமாக அது வெளியே…*

* வரவில்லை. செம்பு சேறாக உதிர்ந்து அடியில் படியும், இரும்பு இளைத்துக்கொண்டே போகும். எனக்கு ஆசைதான். வேதியியல் என் ஆசையைக் கேட்டு நடப்பதில்லை.

5

சாயங்காலம் நீலம் போயிருந்தது. சடையப்பன் கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். லேசான பச்சை.

"நீலம் போச்சு, சரி. இந்தப் பச்சை எங்கேருந்து வந்துச்சு?"

'ஒண்ணுமில்ல சார்' என்று சொன்னால் காரியம் முடிந்தது. சொல்லிவிடு என்று லியாக்கத் அலி கண்ணாலேயே கெஞ்சினார். (அப்படியும் ஒரு முடிவு எழுதினேன். படிக்க நன்றாகவே இருந்தது. கிழித்துவிட்டேன்.)

"இரும்பு சார். செம்பு வெளிய வந்துச்சு, இரும்பு உள்ள போயிருக்கு. சுண்ணாம்பு போட்டு அதையும் படிய வைக்கணும். இன்னொரு தொட்டி வேணும்."

"ஒரு தொட்டின்னுதான பேச்சு?"

"ஆமாங்க சார்."

"இப்படியே லாரில ஏத்தலாமா?"

"கூடாதுங்க சார்."

சடையப்பன் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் ஜான்சியைப் பாராட்டிவிட்டோ, ஐயோ பாவம் என்றுவிட்டோ எழுந்து போய்விடுவீர்கள். சடையப்பனைக் கதையிலிருந்து அனுப்பிவிட்டேன். டம்ளர் இப்போது உங்கள் கையில். வாசலில் டேங்கர்காரர் ஹாரன் அடிக்கிறார். லியாக்கத் அலி உங்களைக் கேட்காமலே மிச்ச இரும்பைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். ஜான்சி உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

சொல்லுங்கள், கேட்டைத் திறக்கட்டுமா?