ஆஸ்பத்திரிச் சாமிக்குக் காரமில்லாத கஞ்சி

"எங்கம்மா இப்ப எங்க இருக்காங்கன்னு சொல்லுங்க பாஸ்டர். சொன்னாத்தான் ஞாயித்துக்கிழமை தண்ணியில எறங்குவேன்."

இதை மட்டும் கேட்டுடாதே என்று புந்தோங்கில் பஸ் ஏறியதிலிருந்தே வீரம்மாக்கா சொல்லிக்கொண்டு வந்தாள். அஞ்சலையைச் சபைக்குக் கூட்டிவந்ததே அவள்தான். இப்போது பக்கத்து நாற்காலியிலிருந்து தொடையைக் கிள்ளினாள். அஞ்சலை கையைத் தட்டிவிட்டாள். எஸ்டேட் லயத்து வீடுகளிலிருந்து யுனிவர்சிட்டிக்குப் போன முதல் ஆள் அவள். கேட்காதே என்பதைக் கேட்கத்தான் அங்கே கற்றிருந்தாள்.

இயேசுவை அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. அதுதான் சிக்கல்.

ஞானஸ்நானம் சபைக்குப் பின்னால், ஈயம் தோண்டிவிட்டுப் போன குளத்தில். ஒரு வாரமாக அந்தக் குளம் கனவில் வந்தது. பாஸ்டர் தலையை அமுக்குவார். பச்சைத் தண்ணீர் மூடிக்கொள்ளும். அடியில் சேறு இருக்காது, ரப்பர் பால்மரக் காடு இருக்கும். சிவந்த இலைகள் தண்ணீருக்குள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். நெற்றி விளக்கோடு அம்மா நிரை நிரையாக மரம் சீவிப் போவாள். பால் கீழே வடியாது, புகைபோல மேலே ஏறும். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். மூச்சு முட்டி மேலே வந்தால் அஞ்சலை மட்டும் வந்திருப்பாள்.

பாஸ்டர் ஞானமுத்து வேதத்தைத் திறக்கவில்லை. அம்மாவைப் பற்றிச் சொல்லச் சொன்னார்.

சொன்னாள். அம்மா பேர் இருளாயி. எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். சுவிசேஷம் சொல்ல அங்கே யாரும் வந்ததில்லை. வந்தது ஒரு படம்தான். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டுகிற டிரசர் வேலையை விட்டுப் போகும்போது கொடுத்தது. நெஞ்சு திறந்து இதயம் தெரிய நிற்கிற இயேசு. ஆஸ்பத்திரியில் அறுத்துப்போட்டு, செத்துச் சாமியானவர் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். மாரியம்மன் பக்கத்தில் மாட்டி ஆஸ்பத்திரிச் சாமி என்று பேரும் வைத்தாள்.

ஆடிப் படையலில் முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும். இவருக்கு என்ன? நெஞ்சுல புண்ணு, காரம் ஆகாதுடி என்று கஞ்சியை ஆறவைத்து ஊற்றுவாள். வெள்ளிக்கிழமை தோறும் படத்தின் நெஞ்சில் மஞ்சள் குழைத்துப் பூசி, எரியுதாய்யா என்று கேட்டு ஊதிவிடுவாள். வேண்டுதல் ஒன்றும் வைத்ததில்லை. அவனே முடியாமக் கெடக்கான், அவன்கிட்ட என்னத்தக் கேக்குறது என்பாள்.

வீரம்மாக்கா சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பாஸ்டர் சிரிக்கவில்லை.

"அது விக்கிரக வழிபாடுதான்மா," என்றார் மெதுவாக. "கடவுள் இரக்கமுள்ளவர், அவர் பாத்துக்குவார்னு சொல்லி ஒன்ன அனுப்பிடலாம். ஆனா இயேசு பேரைக் கேட்டு விசுவாசிக்காம மோட்சத்துக்குப் போக வழியில்லன்னுதான் நான் நம்புறேன். பொய் சொல்ல வாய் வரல."

"அப்ப நரகத்துலன்னு சொல்லுங்க."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சுண்ணாம்பு மலையின் அடிப்பாதி மேகத்துக்குள் இருந்தது; அடி இல்லாமல் தொங்குவதுபோல மேலே ஒரு துண்டு மட்டும் தெரிந்தது.

"எங்கப்பா பாகான் டத்தோவுல தென்னையிலேர்ந்து விழுந்து செத்தாரு. சுவிசேஷம் ஒரு வார்த்தை கேக்காமலே செத்தாரு. எனக்கும் இதே பதில்தான்."

"அப்புறம் எப்படித் தூங்குறீங்க?"

"தூங்குறேன்னு யாரு சொன்னா?"

அஞ்சலை எறிய எடுத்துவந்த கோபத்துக்கு இடமில்லாமல் போனது. இந்த மனிதர் ஏமாற்றுக்காரர் இல்லை. தகப்பனை நெருப்பில் விட்டுவிட்டு, வாசலில் உட்கார்ந்து காவல் காக்கிறவர். ஆனால் அவளால் அப்படி உட்கார முடியாது. புண்ணுக்கு மஞ்சள் பூசியவளை அதே இயேசு வாசலில் நிறுத்தி, என் பேர் தெரியுமா என்று கேட்பாரா? கேட்டால் அவர் வேறு யாரோ.

முடிவை எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. எழுந்தபோது அது எடுத்து முடிந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை நான் வரல பாஸ்டர். நீங்க கொஞ்சம் தூங்குங்க."

"பைத்தியமாடி ஒனக்கு? மோட்சத்தப் போயி வேணாங்குறியேலா," என்றாள் வீரம்மாக்கா.

"அம்மாவ உள்ள விடாத எடத்துல எனக்கு என்னக்கா வேல?"

செருப்பை மாட்டினாள். வெளியே வெயிலும் மேகமும் கலந்து ரோடு வெள்ளையாகக் கிடந்தது. வீரம்மாக்கா பின்னாலிருந்து கூப்பிட்டாள். அஞ்சலை நடையைக் குறைக்கவில்லை.