மிஞ்சிய ஒன்பதாயிரம் ஆடுகள்

எங்கள் கால்நடைத் துறைக்கு நாற்பத்தொரு கிளைகள். ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒரு பதிவேடு வைத்திருந்தது. எல்லாவற்றையும் ஒரே கணினிப் பதிவேடாக்கத் திட்டம் எழுதும் வேலையைத் தலைநகர் பிஷ்கெக்கில் என் தலையில் கட்டினார்கள். குளிர்காலம் முழுக்கக் கிளை கிளையாக அலைந்து, என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அந்தத் திமிரும் எனக்கு இருந்தது.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை முதல் பொதுப் பட்டியல் வந்தது. சூசாமிர் கிளையில் பதிவான ஆடுகள் மூவாயிரம். தடுப்பூசி போட்டதாகக் காட்டியவை பன்னிரண்டாயிரம். அங்கே மருத்துவர் ஒரோஸ்பெக், என்னோடு கல்லூரியில் படித்தவன்.

துணை இயக்குநர் எசென்கான் கொதித்துவிட்டார்.

"இல்லாத ஆட்டுக்கு ஊசி போட்டேங்கிறான்! மருந்தெல்லாம் சந்தைக்குப் போயிருக்கும். வெள்ளிக்கிழமை அவன் சீட்டைக் கிழிக்கிறேன் பாரு."

அன்றைக்கே அவனைத் தற்காலிகமாக நீக்கி உத்தரவு போனது. நான் வாயே திறக்கவில்லை. என் பதிவேடு தப்பாகச் சொல்லுமா என்ற நினைப்பு.

மறுநாள் சமவெளிக் கிளை ஒன்றிலிருந்து ஒரு பெண் போனில் அழாத குறையாகப் பேசினாள்.

"அக்கா, எங்க ஊர்ல ரெண்டாயிரம் ஆடு, ஊசி போட்டது ஒண்ணுகூட இல்லைன்னு காட்டுது. எங்க தலையும் உருளுமா?"

"ஏன் போடல?"

"ஆடு இருந்தாத்தானே போட! ஜூலைல எந்த ஆடு அக்கா ஊர்ல நிக்கும்? எல்லாம் மேல மேய்ச்சலுக்குப் போயிடுச்சுல்ல."

போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். என் பதிவேட்டில் இடத்துக்கு ஒரே ஒரு கட்டம்தான். அதில் எல்லாரும் குளிர்கால ஊரை எழுதியிருந்தார்கள். கோடையில் மந்தைகள் மலைமேல் சூசாமிருக்கு ஏறுவது எங்கள் நாட்டில் தவழும் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்ததாலேயே ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இத்தனைக்கும் நான் மேய்ப்பன் மகள்.

இரண்டு நாள், ஆறு கிளைகளின் ஆடுகளுக்குக் காதில் மாட்டிய வில்லை எண்களை சூசாமிர் ஊசிக் கணக்கோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். மிஞ்சிய ஒன்பதாயிரமும் சரியாக உட்கார்ந்தன. எனக்கு உயிர் வந்தது.

வெள்ளி காலை எசென்கான் அவன் சீட்டைக் கிழிக்கப் பேனாவைத் திறந்துகொண்டிருந்தபோது தாள்களை மேசையில் போட்டேன். படித்தார். முகம் சுருங்கியது.

"அட, என் அண்ணன் ஆடே அங்கதானே நிக்குது," என்றார். பழைய உத்தரவு ரத்தானது.

அங்கே மலைமேல் போன் எடுக்காது. ரத்து உத்தரவோடு நானே ஜீப்பில் கணவாய் தாண்டிப் போனேன். இடிந்துபோய்க் கிடப்பான் என்று வழியெல்லாம் பயம். அவனோ மந்தை நடுவில் ஊசியும் கையுமாக நின்றான்.

"அனார்குல்! நீ எங்க இங்க?"

அவனுக்கு எதுவுமே தெரியாது. நீக்க உத்தரவு கீழே அலுவலகக் கணினியில் கிடந்தது. இரண்டு வாரமாக அவன் மலையில் இருந்தான்; ஊசிக் கணக்கை மட்டும் போன வாரம் ஓர் ஆளிடம் கீழே கொடுத்தனுப்பியிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"நாலு நாளா வேலை இல்லாமலா இத்தனை ஆட்டுக்கு ஊசி போட்டேன்? ஏம்மா, அவ்வளவு பெரிய திட்டம் போட்டியே, ஆடு மேயப் போகும்னு ஞாபகம் வரலையா?"

"உன்கிட்டயும்தான் கேட்டேன். நீ சொன்னியா?"

"அதை எல்லாம் போய் யாராவது சொல்லுவாங்களா!"

சிரிப்பு அடங்கியதும் என்னைப் பார்த்தான். "நீ நம்புனியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒரு நாள்."

அவன் ஊசியைத் துடைத்தான். வெகு நேரம் துடைத்தான். பிறகு குமிஸ் என்கிற புளித்த குதிரைப்பாலைக் கிண்ணத்தோடு என் பக்கம் நீட்டினான்.

"இன்னும் எழுநூறு ஆடு கிடக்கு, பிடிக்க ஆள் இல்ல. குடிச்சிட்டு வா."

ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோட்டைக் கழற்றினேன். முதல் ஆடே முழங்காலில் உதைத்தது. வேண்டியதுதான் எனக்கு என்று சிரித்துக்கொண்டே அதை இறுக்கிப் பிடித்தேன்.