கஞ்சி போடாத சட்டை

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாருமில்லை. விறைப்பண்ணன் என்றால்தான் தெரியும். சலவைக் கடை வைத்திருந்தார். அவர் கைபட்டு வந்த சட்டையைச் சுவரோரமாக வைத்தால் உள்ளே ஆள் இல்லாமலே நிற்கும் என்று பேச்சு. கஞ்சியைக் கரண்டியில் மொண்டு ஒழுகவிட்டுப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார். கடைசி அலசலில் வாசனைத் திரவத்தை ஒரு மூடி தாராளமாகவே ஊற்றுவார். எதிரே வருகிறவர் போட்டிருப்பது தன் கடைத் துணிதான் என்று கண்ணை மூடிக்கொண்டு மூக்காலேயே சொல்ல முடியும் என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. தலைக்கனம் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. முணுமுணுக்கட்டும். உருப்படியாக வேலை பார்க்கிற மனுஷனுக்குக் கொஞ்சம் கனம் இருந்துவிட்டால் யார் குடி முழுகிவிடப் போகிறது?

பள்ளியிலேயே விறைப்பான சீருடை அவர் மகளுடையதுதான் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? ஒல்லியாக, நேராக இருப்பாள், பேச்சும் கொஞ்சம் குத்தும். அதனால் வீட்டில் அவள் பெயர் குண்டூசி. அந்த வருடம் பள்ளி விழா அணிவகுப்புக்கு அவளைத்தான் தலைவியாகப் போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் தன்னந்தனியாக நின்று கட்டளை கொடுக்க வேண்டும். விறைப்பண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் துணிப் பொட்டலத்தோடு இந்தச் செய்தியையும் சேர்த்தே கட்டிக் கொடுத்தார்.

கண் பட்டுவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் சிக்கல் கண்ணில் இல்லை, அவள் தோலில் இருந்தது. சின்ன வயதிலிருந்தே முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் சிவந்து வறண்டு அரிப்பது வருவதும் போவதுமாக இருந்தது. இந்த வருடம் வந்தது போகவில்லை. கழுத்துக்கும் ஏறிச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. ஒத்திகையில் அசையாமல் நிற்க வேண்டிய நேரத்தில் குண்டூசியின் கை தன்னால் கழுத்துக்குப் போனது. உடற்பயிற்சி ஆசிரியை நல்லவர், ஆனால் கறார். தலைவியின் கை அசைந்தால் பின்னால் நிற்கிற அத்தனை கைகளும் அசையும், விழாவுக்குள் சரியாகவில்லையென்றால் வேறு ஆளைத்தான் போட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். குண்டூசி வீட்டுக்கு வந்து அழக்கூட இல்லை. ஒரு முழுக்கைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். வாயாடிப் பிள்ளை வாயை மூடிக்கொண்டதுதான் அம்மாவைக் கலக்கியது.

அம்மா பேருந்து நடத்துநர். நாள் முழுக்க ஆட்களை உள்ளே தள்ளிப் பழகிய கை. கணவரையும் மகளையும் அதே மாதிரி தோல் மருத்துவரின் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

மருத்துவர் சலவைக் கடையின் வாடிக்கையாளர். அவர் போட்டிருந்த வெள்ளைக் கோட்டே விறைப்பண்ணனின் கஞ்சியில்தான் நிமிர்ந்து நின்றது. குண்டூசியின் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "இது கரப்பான்" என்றார்.

விறைப்பண்ணனுக்கு முகம் தொங்கிப்போனது. "உங்க கோட்டுலயா டாக்டரம்மா? இருக்கவே இருக்காது. என் கடையில மருந்துக்குக்கூட ஒரு பூச்சி கிடையாது."

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். தோலில் வருவதற்கும் அதே பெயர்தான். எக்ஸிமா என்கிறார்களே, அது. யாருக்கும் ஒட்டாது. அடியோடு துடைத்தெறிய முடியாது, ஆனால் அடக்கி வைக்கலாம், அதில் பெரும்பாதி வேலை வீட்டில்தான் இருக்கிறது. பிறகு, எப்படிக் குளிப்பாள் என்று கேட்டார். விறைப்பண்ணன் மார்பை நிமிர்த்திக்கொண்டார். ஆவி பறக்கும் வெந்நீர், நுரை பொங்கும் வாசனை சோப்பு, நாரால் அழுத்தமான தேய்ப்பு, அதற்கு மேல் துண்டால் இன்னொரு தேய்ப்பு. மகளை அழுக்காக வைத்திருப்பதாக யாரும் தன்னை நாக்கு மேல் பல்லுப் போட்டுச் சொல்ல முடியாது என்றார். அழுக்கு இல்லை, சுத்தம்தான் கூடிப்போய்விட்டது என்றார் மருத்துவர்.

"சரி, உங்க கடைக்கு நல்ல பட்டுத்துணி ஒண்ணு வருது. என்ன பண்ணுவீங்க?"

தொழில் கேள்வி. விறைப்பண்ணன் மடமடவென்று ஒப்பித்தார். "சூடு காட்ட மாட்டேன். காரமான சோப்பு போட மாட்டேன். ரொம்ப நேரம் தண்ணியில ஊற விட மாட்டேன். தேய்க்கவே மாட்டேன், துண்டுல வெச்சு ஒத்தி..." அங்கேயே நின்றுவிட்டார். மகளின் கையைப் பார்த்தார்.

"அவ்வளவுதான். உங்க பொண்ணு தோலு பட்டு. நீங்க அதைப் போர்வை துவைக்கிற மாதிரி துவைச்சிட்டிருக்கீங்க."

பாராட்டா திட்டா என்று புரியாத ஒரு முகத்தோடு அவர் எழுந்தார். கிளம்பும்போது மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். பிள்ளையின் உடுப்பில் கஞ்சியும் வாசனையும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். அது மட்டும் விறைப்பண்ணனின் ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியேறிவிட்டது.

மற்றதிலெல்லாம் அவரைக் கை கட்டி நிறுத்த முடியாது. வெதுவெதுப்பான தண்ணீர், சட்டென்று முடிகிற குளியல், வாசனை இல்லாத சோப்பு. நார் குப்பைக்குப் போனது. துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுத்திலிருந்து குதிகால் வரை வாசனையில்லாத களிம்பைக் குண்டூசி பூசிக்கொண்டாளா என்று கதவுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார். மிகவும் சிவந்த இடத்துக்கு மட்டும் மருத்துவர் எழுதித் தந்த மருந்து. நகங்களை ஒட்ட வெட்டினார். அரிப்பு எடுத்தால் சொறியாமல் குளிர்ந்த ஈரத்துணியை வைத்து அழுத்தச் சொன்னார். தேய்க்காதே, தேய்க்காதே என்று வீடு முழுக்க அவர் குரல்தான். தேய்த்தே பிழைக்கிற ஆள் பேசுகிற பேச்சா இது என்று மனைவி கிண்டலடித்தார்.

முழங்காலில் சிவப்பு வடிந்தது. முழங்கை மடிப்பு மெத்தென்று ஆகத் தொடங்கியது. கழுத்து மட்டும் பிடிவாதம் பிடித்தது. காலர் உரசுகிற இடம் பார்த்துக் கோடு போட்ட மாதிரி சிவப்பு. வெயில் என்றார் விறைப்பண்ணன். தூசி என்றார். கரும்பலகைச் சுண்ணப்பொடி என்றார். மனைவி அவரையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

ஒரு மாலை, பள்ளிவிட்டு வந்த குண்டூசி சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அப்பாவின் பழைய சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள். காலர் நைந்துபோன சட்டை. ஊர்த்துணிக்கு நேரம் ஒதுக்குகிறவர் தன் துணிக்குக் கஞ்சி போட்டு எத்தனையோ காலமாகிறது. விறைப்பண்ணன் வாசற்படியில் நின்று பார்த்தார். அவள் எழுதிக்கொண்டேயிருந்தாள். ஒரு கை நோட்டின் மேல், ஒரு கை பேனாவில். கழுத்துக்கு எதுவும் போகவில்லை.

"அந்தச் சட்டை நல்லாயிருக்கா?"

"கடிக்கலப்பா."

"அப்போ நான் துவைச்சுக் குடுக்கிறது கடிக்குதா?"

குண்டூசி நிமிரவில்லை. "ம்."

"முன்னாடியே சொல்லலாம்ல?"

"நீங்க எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டிருந்தீங்க. எப்படிப்பா சொல்றது?"

நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து விட்டிருந்தாலும் அப்படி வலித்திருக்காது. எல்லோரையும் குத்துகிற பிள்ளை அப்பாவைக் குத்தக்கூடாது என்று இத்தனை நாள் தன் கழுத்தைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. விறைப்பண்ணன் அவள் கழற்றிப் போட்டிருந்த சீருடையை எடுத்து முகர்ந்தார். கமகமவென்று இருந்தது. முதல் தடவையாக அந்த மணம் அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாளே அவள் துணியைக் கடைத் தொட்டியில் போடாமல் வீட்டில் தனி வாளியில் போட்டார். வாசனையற்ற சோப்புத்தூள், அதுவும் பாதி அளவு. தண்ணீர் குழாயில் வந்தபடியே தெளிவாக வெளியேறும்வரை திரும்பத் திரும்ப அலசினார். காய்ந்ததும் முகர்ந்தால் ஒரு மணமும் இல்லை. தன் கையெழுத்தையே தானே அழித்த மாதிரி கொஞ்ச நேரம் கை ஓடவில்லை அவருக்கு. கழுத்துச் சிவப்பு வடிய வடிய, கை தன்னால் ஓடியது. ஒத்திகையில் ஆசிரியை குண்டூசியைச் சுற்றிவந்து பார்த்தார். வேறு ஆள் என்கிற பேச்சு அதோடு நின்றது.

விழா அன்று நல்ல வெயில். குண்டூசி முழுக்கைச் சட்டையைத் தொடவில்லை. முழங்கையில் இன்னும் மிச்சமிருந்த திட்டுகள் தெரியத் தெரிய, அரைக்கைச் சீருடையிலேயே முன்னால் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளின் சட்டைகளெல்லாம் அட்டை மாதிரி நிமிர்ந்திருந்தன, அத்தனையும் விறைப்பண்ணன் கடை உபயம். தலைவியின் சட்டை மட்டும் துவண்டு, மைதானத்துக்கு வருவதற்குள்ளேயே கசங்கியிருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த, வேறொரு பிள்ளையின் அப்பா சும்மா இருப்பாரா? "என்னண்ணே, ஊர்த்துணிக்கெல்லாம் கஞ்சி, சொந்தப் பிள்ளைக்கு இல்லையா?" என்று பல்லைக் காட்டினார். விறைப்பண்ணனின் கண் மகளின் வலது கையை விட்டு அகலவில்லை.

சிறப்பு விருந்தினர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். பிடித்தவர் விடுவதாக இல்லை. ஒழுக்கத்தின் பெருமையை அவர் விளக்க விளக்க வெயில் ஏறியது, பிள்ளைகளுக்கு வேர்த்துக் கொட்டியது. முதலில் ஒரு பையனின் கை காலருக்குள் போனது. அடுத்து ஒரு பெண் தோளைக் குலுக்கினாள். பிறகு வரிசை முழுக்க ஒரே நெளிசல், கஞ்சிக் காலரை ஒருவன் இழுத்துவிட, ஒருத்தி கழுத்தைச் சொறிய, இன்னொருவன் முதுகை அடுத்தவன் மேல் தேய்க்கப் பார்க்க, ஆசிரியை பல்லைக் கடித்தார். தன் கைவண்ணம் முழுவதும் கண்ணெதிரே நெளிவதை விறைப்பண்ணன் பார்த்தார். சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

குண்டூசி அசையவில்லை. தாடையில் வியர்வை சொட்டியது, சுண்டுவிரல் மட்டும் ஒரு தடவை துடித்தது. அரிக்கிறது, அவருக்குத் தெரியும். தன் கையை முட்டியில் வைத்து இறுக்கி அழுத்திக்கொண்டார். சுண்டுவிரல் அடங்கியது. பேச்சு ஒருவழியாக முடிந்ததும் அவள் கட்டளை கொடுத்த குரலில், நெளிந்துகொண்டிருந்த அத்தனை பேரும் சட்டென்று ஒரே கோட்டுக்கு வந்தார்கள்.

விறைப்பண்ணன் எழுந்து நின்றுவிட்டார். கண் நிறைந்துபோனது, அதை மறைக்கவும் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரர் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இனி எதுவும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்தது. அதனால் விறைப்பண்ணன் குனிந்து, கேட்காமலே சொன்னார்:

"அந்தக் கசங்கின சட்டை இருக்கு பாருங்க, அது நான் துவைச்சது."