நகர மத்தியில் ஒரு தாமரைத் தடாகம்

எங்கள் நகரசபை நகரத்தைத் தொலைத்துவிட்ட சபை. தொண்ணூற்றாறு புரட்டாதியில் பட்டினம் இராணுவத்தின் கைக்குப் போனது. கோப்புகளையும் நாலு கதிரைகளையும் சபையின் பெயர்ப்பலகையையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு நாங்கள் துணுக்காய்க்கு வந்து சேர்ந்தோம். பள்ளிக்கூடம் ஒன்றின் பின்புறம் ஒரு கிடுகுக் கொட்டில் கிடைத்தது. செயலாளர் சிற்றம்பலம் முதல் வேலையாகப் பெயர்ப்பலகையை வாசலில் அடித்தார். மறுநாள் தொடக்கம் எட்டரைக்குக் கையெழுத்து, நாலரைக்கு வீடு. தெரு இல்லை, சந்தை இல்லை, தெருவிளக்கு இல்லை. நான் அந்தச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் தவராசா. அளக்க ஒன்றும் இல்லாததால் அளவு நாடாவைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

கொட்டிலுக்கு அப்பால் வயலோரமாக அறுபது குடும்பங்கள் இருந்தன. முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கடற்றொழில் சனம், எல்லாரும் வேதக்காரர், கத்தோலிக்கர். அவர்களுக்குக் கிணறு இல்லை. வந்த புதிதில் தாங்களே ஒரு குழி வெட்டிப் பார்த்தார்கள். மண் இரண்டு தரம் இடிந்து விழுந்தது. இரண்டாம் தரம் உள்ளே நின்ற கிறிஸ்தோப்பர் மார்பளவுக்குப் புதைந்துபோனார். இழுத்தெடுத்தபோது ஒரு கால் முறிந்திருந்தது. அவருடைய மனைவி யூலிற்றா. முகாமில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் யூலிற்றாக்கா. அவரும் மற்றப் பெண்களும் ஒன்றரை மைல் நடந்து ஒரு கமக்காரரின் கிணற்றில் தண்ணீர் எடுத்து வந்தார்கள். காலை ஆறு மணிக்கு முன் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அவருடைய மிளகாய்க் கன்றுகளுக்கு இறைப்பு. பிந்திப் போனவர்கள் குளத்தில் அள்ளினார்கள். குளத்துத் தண்ணீர் குடித்த பிள்ளைகள் வயிற்றோட்டத்தோடு மல்லாவி ஆஸ்பத்திரியில் பாயில் கிடந்தார்கள்.

கல்லும் மணலும் எங்களிடம் இருந்தன, இல்லாதது சீமெந்துதான். வன்னிக்குள் சீமெந்து வருவதென்றால் கொழும்பில் அனுமதி எடுக்க வேண்டும், எதற்கென்றும் எழுத வேண்டும். கிணறு கட்ட என்று இரண்டு தரம் எழுதினோம். கிணற்றுச் சுவர் பதுங்குகுழிச் சுவராக மாறக்கூடும் என்று இரண்டு தரமும் மறுத்தார்கள். மறுத்து எழுதியவர் கிணற்றையும் கண்டிருக்க மாட்டார், பதுங்குகுழியையும் கண்டிருக்க மாட்டார்.

தை மாதம் ஒரு கடிதம் வந்தது. நாட்டின் நகரங்களையெல்லாம் அழகாக்க ஒரு திட்டமாம். எங்கள் சபைக்கும் இடம் கிடைத்திருந்தது. பட்டினம் கையில் இல்லை என்பதை அமைச்சில் யாரும் கவனிக்கவில்லை. எல்லா ஊருக்கும் ஒரே வரைபடம்: வாகனங்கள் சுற்றிப்போக ஒரு வட்டம், வட்டத்துக்குள் புல்தரை, நடுவில் எட்டடி அகலமும் இரண்டடி ஆழமுமான தாமரைத் தடாகம், அதன் கரையில் குடம் ஏந்திய பெண்ணின் சிலை. இதற்காக முப்பது பை சீமெந்துக்கு முத்திரை குத்திய அனுமதி. சிலைக்குள் யாரும் பதுங்கமாட்டார்கள் என்று நம்பியிருக்கிறார்கள்.

சிற்றம்பலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சபைக்கு மறுபடியும் ஒரு நகரம் கிடைத்துவிட்டதாக நினைத்தார். செய்தி முகாமுக்குப் போக, யூலிற்றாக்கா கொட்டில் வாசலுக்கு வந்தார்.

“ஐயா, எங்களுக்குச் சிலை என்னத்துக்கு? அந்தச் சீமெந்தைத் தாங்கோ, நாங்கள் கிணத்தைக் கட்டுறம்.”

அது முடியாது, சட்டம் இருக்கிறது, ஆள் வந்து பார்ப்பான் என்று செயலாளர் நீட்டி முழக்கினார். யூலிற்றாக்கா அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. வரைபடத்தை விரித்துத் தடாகத்தின் ஆழத்தைப் பார்த்தேன். இரண்டு என்ற இலக்கத்துக்குப் பக்கத்தில் இன்னொரு இரண்டைப் போட்டேன். இருபத்திரண்டடி. இந்த மண்ணில் தடாகம் நிற்க ஆழமான அடித்தளம் வேண்டும் என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதினேன். சிற்றம்பலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கண்ணாடி போடாமலே கையெழுத்து வைத்தார். என் பதினாறு வருச உத்தியோகத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வரைதல் அதுதான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

முகாமுக்கு நடுவில் இருந்த வெளியை ‘நகர மத்தி’ என்று வரைபடத்தில் குறித்தேன். வடக்கே மலசலகூடம், தெற்கே ஒரு ஆட்டுக்கொட்டில். ஆண்கள் வெட்டினார்கள், பெண்கள் மண் சுமந்தார்கள், முறிந்த காலை நீட்டியபடி வரம்பில் இருந்து கிறிஸ்தோப்பர் எங்கே கல் வைப்பதென்று சொன்னார். இருபத்தெட்டுப் பை கிணற்றுச் சுவருக்குப் போனது. மிச்சம் இரண்டையும் வைத்துச் சிலை செய்ய முள்ளியவளையிலிருந்து ஆண்டியப்பனைக் கூட்டிவந்தோம். கோயில் கோபுரத்துக்குப் பொம்மை செய்கிறவர். உள்ளே வைக்கோலும் களிமண்ணும் திணித்து, வெளியே விரல் கனத்துக்குச் சீமெந்து பூசி, ஒரு பெண்ணை நிறுத்தினார். அவருக்குத் தெரிந்தது வாயில்காவலர் முகம் ஒன்றுதான். ஆகவே குடம் ஏந்திய பெண் கண்ணை உருட்டிக்கொண்டு, கடைவாயில் பல் தெரிய, தண்ணீருக்கு வருகிறவர்களை விரட்டப்போகிறவள் போல நின்றாள். பல்லை மட்டுமாவது எடுத்துவிடும்படி கெஞ்சி எடுப்பித்தேன்.

மாசி முடிவில் பதினாலாம் அடியில் தண்ணீர் நின்றது. நல்ல தண்ணீர். முகாம் முழுக்க வந்து எட்டிப் பார்த்தது. கப்பி போட இரண்டு பனங்குற்றியும் நட்டாயிற்று. நாளைக்கு முதல் வாளி என்று யூலிற்றாக்கா சொல்லிக்கொண்டிருந்த அன்று பின்னேரம்தான் தந்தி வந்தது. நகர அழகாக்கல் ஆலோசகர் யோகலிங்கம் வவுனியாவிலிருந்து ஐந்து நாளில் வருகிறார், மூல வரைபடத்தோடு. அந்த மூல வரைபடத்தில் ஆழம் இரண்டடி.

மறியற்சாலை, ஓய்வூதியம், பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாம் சிற்றம்பலத்துக்கும் எனக்கும் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. இரண்டு பேருமாகக் கதவைச் சாத்திக்கொண்டு, கொட்டிலுக்குக் கதவு இல்லாததால் ஒரு சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, முடிவெடுத்தோம். பனங்குற்றிகளைப் பிடுங்கினோம். கிணற்றின் வாயிலிருந்து இரண்டடி கீழே மரச்சட்டங்களைக் குறுக்கே இறுக்கி, பலகை அடுக்கி, மேலே பொலித்தீன் விரித்தோம். அதன்மேல் நிறையத் தண்ணீர் நிற்க வேண்டும், தாமரை மிதக்க வேண்டும். அடியிலிருக்கும் தண்ணீரைப் பலகை மூடிவிட்டது. எனவே கமக்காரரின் கிணற்றிலிருந்து பெண்கள் சுமந்து வந்து ஊற்றினார்கள். ஐந்து நாளுக்குத்தானே என்று நான் யூலிற்றாக்காவிடம் சொன்னேன். அவர் நம்பினார்.

குளக்கட்டிலிருந்து கோரைப்புல்லை வெட்டிவந்து தரையில் பதித்தோம். மாடு ஒன்று வந்து புல்தரையின் ஒரு மூலையைத் தின்றுவிட்டது, மறுபடியும் பதித்தோம். வட்டத்தைச் சுற்றித்தான் போகவேண்டும் என்று சைக்கிள்காரருக்குப் பழக்கினோம். ஆலோசகர் வந்த அன்று ஒரு மாட்டுவண்டியும் மூன்று சைக்கிளும் காரணமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன.

யோகலிங்கம் சிங்கப்பூரில் இரண்டு கிழமை பயிற்சி எடுத்தவர். அதை வந்து இறங்கிய பத்து நிமிசத்துக்குள் மூன்று தரம் சொன்னார். கைத்தடியைத் தடாகத்துக்குள் விட்டுப் பார்த்தார், இரண்டடி. திருப்திப்பட்டார். சிலையைச் சுற்றி வந்து, அந்த முகத்தில் போரின் சீற்றமும் தாய்மையும் கலந்திருப்பதாகச் சொன்னார். ஆண்டியப்பன் அங்கே இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். வெளியும் வடிவும் ஒன்றையொன்று சுவாசிக்கின்றன என்றும் சொன்னார். சிற்றம்பலம் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

படம் எடுக்கும் நேரம் யூலிற்றாக்காவும் நாலைந்து பெண்களும் தண்ணீர்க் கான்களோடு வந்தார்கள். வெய்யிலுக்குத் தடாகம் நாலு விரல் இறங்கியிருந்தது. பிளாஸ்ரிக் கான் படத்தைக் கெடுக்கும், மண்குடம் இருந்தால் கொண்டுவந்து நில்லுங்கள், இல்லையென்றால் வேலிக்கு அந்தப் பக்கம் போங்கள் என்றார் ஆலோசகர். மண்குடம் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் போனார்கள். போகும்போது யூலிற்றாக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் புல்தரையைப் பார்த்தேன்.

“இதிலை ஒருத்தரும் வாளி போடக்கூடாது,” என்று ஆலோசகர் போகிற போக்கில் சொன்னார். “தண்ணி கலங்கினால் எல்லா வடிவும் போயிடும்.”

அவருடைய வாகனம் மறைந்த உடனேயே பெண்கள் கயிற்றோடு வந்துவிட்டார்கள். கடிதம் வரட்டும் என்று சிற்றம்பலம் தடுத்தார். பத்து நாளில் கடிதம் வந்தது. வட மாகாணத்தில் எங்கள் தடாகத்துக்கு முதலிடம். சித்திரை மாதம் கொழும்பிலிருந்து ஒரு குழு நேரில் பார்க்க வருகிறது. அதுவரை நீர்மட்டமும் தாமரையும் இப்படியே பேணப்பட வேண்டும். சிற்றம்பலம் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டார். பிறகு ஒரு முறைப்பட்டியல் தட்டச்சுச் செய்வித்து முகாமில் ஒட்டினார். ஒவ்வொரு குடும்பமும் முறைவைத்துத் தடாகத்துக்கு ஒரு கான் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றாத குடும்பத்தின் நிவாரண அட்டையில் சபை கையெழுத்து வைக்காது, கையெழுத்து இல்லாவிட்டால் நிவாரண அரிசி இல்லை.

அன்று யூலிற்றாக்கா சிற்றம்பலத்திடம் போகவில்லை, என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை.

“கிணறு வெட்டினதும் நாங்கள். இப்ப அந்தக் கிணத்துக்கு ஒண்டரை மைல் தண்ணி காவுறதும் நாங்கள். அடியிலை தண்ணி கிடக்குதெண்டு உங்களுக்குத் தெரியும். வாயைத் துறந்து ஒரு சொல்லுச் சொல்லுங்கோ ஐயா.”

எனக்குத் தெரியும்தான். என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்? இருபத்திரண்டு என்று எழுதிய கை என்னுடையது. ஆனால் அந்தக் கைக்குச் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது.

“சித்திரை மட்டும் பொறுங்கோ அக்கா,” என்றேன்.

கமக்காரரின் கிணறும் அடியைத் தொட்டுவிட்டது, அவர் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார், பக்கத்துக் கொட்டில் றொமேஸின் பிள்ளை மறுபடியும் ஆஸ்பத்திரியில் என்று யூலிற்றாக்கா ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு நாலரைக்குக் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை யூலிற்றாக்கா வீட்டின் முறை. ஒன்பது மணியிருக்கும். நாங்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். அவர் வந்தார், கானைக் கரையில் வைத்தார், பாவாடையை ஏற்றிச் செருகிக்கொண்டு தடாகத்துக்குள் இறங்கினார். மீன் வெட்டும் கத்தியைக் குனிந்து தண்ணீருக்குள் விட்டு ஒரு இழுவை இழுத்தார். பலகை இடுக்குகளால் தண்ணீர் முழுவதும் கீழே கொட்டிய சத்தம் கொட்டில் வரைக்கும் கேட்டது. தாமரைகள் கிழிந்த பொலித்தீனில் படுத்துக்கொண்டன. நாங்கள் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் மற்றப் பெண்களும் இறங்கிப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

சிற்றம்பலத்துக்கு நாக்குக் குழறியது. அரசாங்கச் சொத்து, பொதுக்கலை, முதலாம் இடம் என்று ஏதேதோ சொன்னார். நிவாரண அட்டையை வெட்டுவேன் என்றார்.

“உங்கடை சிலை நிக்குது சேர்,” என்றார் யூலிற்றாக்கா. “அதை நாங்கள் தொடேல்லை.”

சொல்லிவிட்டு வாளி கட்டிய கயிற்றைக் கீழே விட்டார். வாளி கீழே போய்த் தண்ணீரில் அடிபட்டது. கண்ணை உருட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் காலடியில், முப்பது பெண்கள் வரிசையாக நின்று தண்ணீர் அள்ளினார்கள். யாருடைய அட்டையையும் வெட்டத் துணிவு வரவில்லை. சிற்றம்பலம் என்னைக் கூப்பிட்டு, அவர்கள் மேல் முறைப்பாடு எழுதச் சொன்னார். நான் வேறு எழுதினேன். மண்ணின் தன்மை காரணமாகத் தடாகத்தின் அடித்தளம் இருபது அடி தாழ்ந்துவிட்டதாக எழுதினேன். அவர் வழமைபோல வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். அதையும் ஒரு துணிச்சல் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

சித்திரை வந்து போனது. குழு வரவில்லை. வைகாசியில் வவுனியாப் பக்கமிருந்து சண்டை தொடங்கிப் பாதையும் மூடிப்போனது. இனி யாரும் வரவே மாட்டார்கள் என்று தெரிந்தது. யூலிற்றாக்கா என் பேச்சைக் கேட்டுப் பொறுத்திருந்தால், அந்தச் சனம் அந்தக் கோடை முழுக்கத் தாமரைக்குத் தண்ணீர் காவிக்கொண்டிருக்கும், நானும் நீர்மட்டத்தை அளந்து எழுதிக்கொண்டிருப்பேன். சண்டைக்கு இடம்பெயர்ந்து வந்த புதுச் சனமும் வயல்வெளியில் கொட்டில் போட்டது. எங்கள் வீட்டுப் பக்கத்துக் கிணறு வற்றிவிட்டது. ஒரு நாள் நானும் கானைத் தூக்கிக்கொண்டு நகர மத்திக்குப் போனேன்.

நீண்ட வரிசை. உத்தியோகத்தர் என்று கண்டதும் முன்னால் நின்றவர்கள் பழக்கதோசத்தில் விலகி இடம் விட்டார்கள். நானும் பழக்கதோசத்தில் முன்னால் போய்விட்டேன். மறுபடியும் போட்ட கப்பியில் இழுத்துக்கொண்டிருந்த யூலிற்றாக்கா வாளியைக் கரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“பின்னாலை போய் நில்லுங்கோ ஐயா.”

போய் நின்றேன்.