ரோஜா வைத்த எக்ஸ்ரே

என் தங்கை செண்பகத்தின் நுரையீரலில் வேப்பங்கன்று முளைத்திருப்பதாகக் குடும்பக் குழுவில் படம் வந்தது. எல்லாரும் கும்பிடு போட்டார்கள். வேம்பு உள்காற்றைச் சுத்தம் செய்யும் என்று படத்திலேயே எழுதியிருந்தது. அவள் புருஷன் சங்கரபாண்டி காலையும் மாலையும் அவள் வாயில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். அவள் இருமினாள். கன்று வேர் பிடிக்கிறது என்றார்.

நான் இருபத்திரண்டு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறவன். அவளையும் எடுத்தேன். வேம்பும் இல்லை, வேரும் இல்லை. வலது நுரையீரலில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. ஃபிலிமைப் பார்த்த டாக்டரம்மாவும் சளிப் பரிசோதனையும் காசநோய் என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் போய்விடும். விட்டால் ஆளையே கொண்டுபோய்விடும்.

சங்கரபாண்டி ஃபிலிமைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். கலரே இல்லையே என்றார்.

"படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க, மச்சான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாத்திரை கிடைக்க வேண்டுமானால், எந்தப் படம் உண்மை என்று தீர்மானிக்கிற பட அலுவலகத்தில் முத்திரை வாங்க வேண்டும். கைபேசிப் படத்தோடு வந்தவர்கள் பத்தே அடியில் அலுவலர் ஜன்னலுக்குப் போய்விட்டார்கள். நான் ஃபிலிமோடு நடந்தேன். நடக்க நடக்க நடைவழி நீண்டது. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தேன். அலுவலருக்கு முகம் இருக்க வேண்டிய இடத்தில் சூரிய உதயம் இருந்தது. மனுஷன் மரியாதையாகத்தான் பேசினார்.

"எத்தனை பேரு பாத்திருக்காங்க?"

"நானும் டாக்டரம்மாவும்."

"ரெண்டு பேரு பாத்தா அது எப்படி சார் உண்மையாகும்? வேம்பை நாலு லட்சம் பேரு பாத்திருக்காங்க."

கிருமி ஓட்டெடுப்புக்குக் கட்டுப்படாது என்றேன். கிருமி ஆட்சேபிக்கத் தனிப் படிவம் இருக்கிறது, அதைக் கிருமிதான் நிரப்ப வேண்டும் என்றார். பிறகு இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். ஃபிலிமில் காலை வணக்கம் எழுதி, ஒரு விளக்கும் ஒரு ரோஜாவும் வைத்துக் கைபேசியில் படமெடுத்துப் போட்டால் சனங்கள் பரப்புவார்கள். பரவினால் முத்திரை விழும். விளக்கு நோயாளிக்கு இடப்பக்கம், ரோஜா வலப்பக்கம். அதுதான் விதி.

வெட்கமாக இருந்தது. ஆனால் செண்பகம் ஒன்பது கிலோ இளைத்திருந்தாள். வைத்தேன்.

மதியத்துக்குள் ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். அலுவலர் முத்திரை குத்தினார். நோயில்லை என்று எழுதி மாத்திரைச் சீட்டைக் கிழித்துப் போட்டார். அப்போதுதான் பார்த்தேன், ரோஜா அந்தத் திட்டை முழுசாக மூடியிருந்தது. பாவி, நான்தான் வைத்தேன்.

டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் கைபேசியைப் பார்த்துவிட்டு, நன்றாக மலர்ந்திருக்கிறது என்றார். அசல் ஃபிலிமைப் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை. ஆக, அந்தத் திட்டைப் பார்த்தவன் இப்போது நான் ஒருவன்தான்.

தங்கை வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். என் கைபேசிக்கும் அந்தப் படம் வந்தது. உள்ளறையில் படுத்திருக்கும் செண்பகம்தான் அனுப்பியிருந்தாள்.

"அண்ணே, எனக்கு ஒண்ணுமில்லையாம். யாரோ அழகா எடுத்திருக்காங்க. நாலு பேருக்கு அனுப்பு."

உள்ளே இருமல் நிற்கட்டும், பதில் போடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.