கடல் அறையில் ஒரு பனிமலை

பழைய சாமான் கடைக்காரரை அந்தத் தெருவே "ஓட்டை உடைசல்" என்றுதான் கூப்பிடும். அவரும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. பலகை மாட்டியிருந்தால் அந்தப் பெயரையே எழுதியிருப்பார். அவர் கடைக்குள் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக ஒருத்தி தலையை விட்டுக் குடைந்துகொண்டிருந்தாள். பல் ஆஸ்பத்திரியில் வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறவள். வயது நாற்பத்தாறு ஆகிறது. ஆனால் அவள் அப்பாவுக்கு அவள் இன்னும் நண்டுதான். சின்ன வயதில் விடிந்தால் அடைந்தால் கடற்கரை மணலிலேயே கிடந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

"என்னதாம்மா தேடுறே? சொன்னா நானே எடுத்துத் தருவேன்ல?" என்றார் ஓட்டை உடைசல்.

"கடல் தேடுறேன்."

"அது போன வாரமே வித்துப்போச்சே!" என்றார் மனிதர், சிரிக்காமல்.

சிரிக்கிற நிலைமையில் அவளும் இல்லை. அப்பா வரப்போகிறார். அண்ணன் வீட்டில் ஒரு வருடம் இருந்தார், இருந்தார் என்று சொல்வதுகூடத் தப்பு, தங்கினார். கொண்டுபோன பையை அவர் பிரிக்கவே இல்லை. இரண்டு தடவை யாரிடமும் சொல்லாமல் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியவில்லை. அண்ணன் போனில் சொல்லிவிட்டான். "ஒரு மாசம் வச்சுப் பார். அங்கயும் பையைத் தூக்கினார்னா என்னால முடியாது. முதியோர் இல்லத்துல சொல்லி வச்சிருக்கேன்." கல்நெஞ்சன் என்று வாய்வரை வந்தது. அவனும்தான் எத்தனை தடவை தெருத் தெருவாய்த் தேடுவான் என்று முழுங்கிக்கொண்டாள்.

அப்பா துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் இழுவைப் படகில் எஞ்சின்காரராக இருந்தவர். முப்பத்து நாலு வருட வேலை. போனால் இரண்டு நாள், மூன்று நாள் கழித்துத்தான் வருவார். துறைமுகக் குடியிருப்பில் கடைசி வீடு, வாசலை விட்டு இறங்கினால் மணல். அம்மா போய் எட்டு வருடம், அந்த வீட்டை விட்டு அதற்கும் மேலே. இப்போது இவள் இருப்பதோ கடலுக்கும் இதற்கும் ஒரு ராத்திரிப் பிரயாணம் என்கிற ஊர், மூன்றாவது மாடி. அப்பாவைக் கடலுக்குக் கொண்டுபோக முடியாது, சரி, கடலை இங்கே கொண்டுவந்துவிட்டால்?

அந்த யோசனை வந்ததிலிருந்து அவளைப் பிடிக்க முடியவில்லை. இடித்த வீட்டிலிருந்து வந்த சாய்ந்த பட்டைகள் வைத்த ஜன்னல் கதவு ஒன்றைக் கட்டிலின் தலைமாட்டுக்கு எடுத்தாள். ஓரம் சில்லுப்போன வட்டக் கண்ணாடிக்குச் சணல் கயிறு சுற்றிப் பசை வைத்தாள். பாதி அறுந்த சிப்பித் திரைச்சீலையை உதிர்த்து ஜாம் பாட்டில்களில் போட்டு, அடியில் மணலும் நிரப்பினாள். மணல் எதிரே வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு வாங்கிச் சலித்தது.

"கொத்தனார் கடலா இது!" என்றார் அவள் கணவர். பஸ் கண்டக்டர். நாள் முழுக்க ஜனங்களிடம் வாய் கொடுத்துப் பழகிய மனிதர், வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் ஓயாது. கதவுக்கு நீலப் பெயின்ட் அடித்து, காய்ந்ததும் அவள் உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்ததைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "காசு குடுத்துப் பெயின்ட் வாங்கி அடிச்சு, அதைப் போய்ச் சுரண்டுறாளே! உனக்கு என்னடி ஆச்சு?"

"உப்புக்காத்துல பழசான மாதிரி தெரியணும். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இருங்க."

கடைசி ஞாயிறு ஒரு மரச்சட்டம் கிடைத்தது. உள்ளே அச்சடித்த பனிமலை, அடிவாரத்தில் சிவப்புக் கூரை போட்ட ஒரு சின்ன வீடு. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தொங்கிய படம். "சட்டம் மட்டும் போதும், படத்தை நீங்களே வச்சுக்கோங்க" என்றாள்.

"பனிமலையைப் பாத்துக்கிட்டிருந்தா என் வயிறு நிறையுமா? தாயே, ரெண்டையும் எடுத்துட்டுப் போயிடு" என்று தள்ளிவிட்டார் ஓட்டை உடைசல்.

சட்டத்துக்கு வெள்ளை அடித்து, பழைய காலண்டரில் வந்த கடல் படத்தை உள்ளே வைத்தாள். காலண்டர் தாள் மெல்லிசு. அதனால் பனிமலையை முகம் திருப்பிப் பின்பக்கத் தாங்கலுக்குக் கொடுத்து ஆணி அடித்து, கட்டிலை ஒட்டிய சுவரில் மாட்டிவிட்டாள். வேலை முடிந்த அன்று அறை நடுவில் நின்று பார்த்தாள். ஈர மணல், நீலக் கதவு, சங்கை ஜன்னலில் வைத்துக் காது கொடுத்துக் கேட்ட மத்தியானங்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது. அழுதே விட்டாள்.

அப்பா வந்தார். வாசலில் நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். "நல்லா இருக்கு நண்டு. ரொம்ப மெனக்கெட்டிருக்கே" என்றார். கல்யாண வீட்டுக்கு வந்தவர் பந்தலைப் பற்றிச் சொல்கிற மாதிரி. பிறகு பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

ஜிப் மூடியே இருந்தது. சட்டையைத் துவைப்பார், காய்ந்ததும் மடித்துப் பைக்குள்ளேயே வைப்பார். அவருக்கென்று ஒழித்துத் துடைத்து வைத்த அலமாரித் தட்டில் ஒரு கைக்குட்டைகூட ஏறவில்லை. அவள் தினமும் வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்துக்கொள்வாள். பை இருந்தால்தான் மூச்சு வரும்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அப்பா மாப்பிள்ளையிடம் சாவகாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தது சமையலறைக்குக் கேட்டது. "ஏன் மாப்ளே, இங்கேருந்து பெரிய பஸ் நிலையத்துக்கு எத்தனை மணிக்கெல்லாம் வண்டி?"

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. கணவர் ஏதோ ஜோக் சொல்லி மழுப்பினார். அன்று ஆஸ்பத்திரியில் கடைவாய்ப் பல்லுக்கு வந்தவரை முன்பல் என்று எழுதினாள். ஒரு பெரியவரின் பெயரையே மாற்றி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டாள். மத்தியானத்தோடு சொல்லிவிட்டு ஓடி வந்தாள்.

பை கட்டிலின் மேல் இருந்தது. அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டம் கழன்று கிடந்தது, காலண்டர் கடல் ஒரு பக்கம் சுருண்டு கிடந்தது. அவர் மடியில் பனிமலை.

"கிளம்பிட்டீங்களாப்பா?" என்றாள்.

"கிளம்பத்தான் பையை எடுத்தேன்" என்றார் அவர், ஒளிக்காமல். "நிமிரும்போது தோள் இடிச்சு இது கீழே விழுந்துடுச்சு. நல்லவேளை, கண்ணாடி உடையல." படத்தைத் தடவினார். "இது எங்கே கிடைச்சுது உனக்கு?"

"பழைய சாமான் கடையில. சும்மா பின்னாடி தாங்கலுக்கு வச்சேன்ப்பா."

"தாங்கலுக்கா! அடிப்பாவி! உங்கம்மா கேட்டிருந்தா உன்னை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பா. நம்ம வீட்டுக் கூடத்துல இதே படம்தானே?"

அவள் விழித்தாள். "கூடத்துல கடல் தெரியுற ஜன்னல்தானேப்பா இருந்துச்சு? நீலக் கதவு வச்சு?"

"ஜன்னல் இருந்துச்சு. அதை உங்கம்மா பலகை வச்சு அடைச்சு, அதுக்கு மேல இதை மாட்டிட்டா. நீ வீட்டுக்குள்ள எங்கே இருந்தே? சாப்பிடக்கூட உன்னை மணல்லேருந்து இழுத்துட்டு வரணும்." அப்பா சிரித்தார். வந்த நாளிலிருந்து இப்போதுதான் சிரிக்கிறார். "அவளுக்குக் கடல்னா ஆகாது. டின்னு துருப்பிடிக்குது, துணி காயமாட்டேங்குதுன்னு ஓயாம திட்டுவா. அதெல்லாம் வெளியில சொல்ற காரணம். நான் போனா திரும்பி வர்ற வரைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது. அதான் விஷயம். நான் வந்ததும் கடலுக்கு முதுகைக் காட்டி, இந்த மலைக்கு நேரா உக்கார வைப்பா. 'வந்தாச்சுல்ல, இனிமே இதைப் பாருங்க'ன்னு சொல்லிட்டு, என் பையைப் பிரிச்சு அவளே துணியெல்லாம் எடுத்து வைப்பா."

அவள் குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தாள். தன் ஞாபகத்தில் இருந்ததெல்லாம் வாசலுக்கு வெளியே இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. வீடு என்று நினைத்து அவருக்கு அவள் கட்டிக் கொடுத்தது கடற்கரையை.

"அண்ணன் வீடு ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளை வெளேர்னு இருந்துச்சு" என்றார் அப்பா, மெதுவாக. "இங்கே... நீ ஆசையா செஞ்சே, எப்படிச் சொல்றது? நீலமும் கயிறுமா இங்கே படுத்திருந்தா டூட்டியில இருக்கிற மாதிரியே இருக்கு நண்டு. எப்படா வேலை முடியும், வீட்டுக்குப் போகலாம்னு மனசு அடிச்சுக்குது. அப்புறம்தான், எந்த வீட்டுக்குன்னு தோணுது."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். அவர் தடுக்கவில்லை. பிறகு எழுந்து, கட்டிலின் மேலிருந்த பையின் ஜிப்பை இழுத்தாள். கேட்கவில்லை, அனுமதியும் வாங்கவில்லை. நாலு சட்டை, மூன்று வேட்டி, ஒரு ஸ்வெட்டர். ஒவ்வொன்றாக எடுத்து அலமாரித் தட்டில் அடுக்கினாள். அப்பா பனிமலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் கண்டக்டர் தோல்பையோடு வந்து அறையை எட்டிப் பார்த்தார். சிப்பிப் பாட்டில்கள் மூலைக்குப் போயிருந்தன. கட்டிலுக்கு நேரெதிரே வெள்ளைச் சட்டத்துக்குள் மலை தொங்கியது.

"என்ன மாமா, கடல் அதுக்குள்ள வத்திப்போச்சா?"

"அதை விடுங்க மாப்ளே" என்றார் அப்பா, மலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாளைக்கு வரும்போது நல்ல பெரிய ஆணியா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. இது ஆடுது, ரொம்ப நாள் தாங்காது."